தார்க்குச்சி கேட்கும் கூலிக் கணக்கு

ஆண்டுக்கு ஒரு நாள் தார்க்குச்சிக்குச் சந்தனம் பூசுகிறார்கள். குங்குமப் பொட்டு வைக்கிறார்கள். தறிக்குத் திருநீற்றுப் பட்டை, நாடாவுக்கு மல்லிகைச் சரம், இராட்டைக்கு மாலை. எதிரே பொரி, கடலை, அவல், சாம்பிராணிப் புகை! ஆயுத பூசையாம். கருவிக்கு நன்றி காட்டும் திருநாளாம். காட்டட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: ஆண்டின் மற்ற நாட்களிலெல்லாம் அந்தக் குச்சியிலே நூலைச் சுற்றிச் சுற்றி விரல் தேய்ந்தாளே ஒருத்தி, அவளுக்கு என்ன படைத்தீர்கள்? குச்சிக்குப் பொட்டு வைத்த கையும் அவள் கைதான். பொரியை வாரி முறத்திலே எடுத்துச் சென்றவளும் அவள்தான். மறுநாள் விடியலில் இராட்டையின் முன்னே உட்காரப் போகிறவளும் அவளேதான். ஆயினும், சங்கரன்கோவில் நெசவுத் தெருவிலே போய், ‘இந்த வீட்டில் வேலை செய்பவர் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எங்க வீட்டுக்காரர் தறி நெய்யுறார்’ என்பாள். ‘நீ?’ என்றால், ‘நான் சும்மா வீட்டிலதான் இருக்கேன்’ என்பாள்.

சும்மா! தமிழிலே இத்துணைப் பொய்யைச் சுமந்து நிற்கும் சொல் வேறொன்று இருக்க முடியாது.

நெசவூரில் பிறவாத தோழர்களுக்காகச் சற்று விளக்குவோம். தறியிலே நீளவாக்கில் விரிந்து கிடப்பது பாவு. குறுக்கே பாய்வது ஊடை. ஊடை நூலை வயிற்றில் தாங்கி இப்புறமும் அப்புறமும் ஓடுவது நாடா. அந்த நாடாவின் உள்ளே கிடப்பது தார். ஒரு சாண் நீளம்கூட இராத குச்சி. முன்பு மூங்கிலும் கடைந்த மரமும், இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். சிட்டத்திலிருந்து நூலைப் பிரித்து, ஒரு கையால் இராட்டையைச் சுற்றி, மறு கையின் விரலிடுக்கிலே நூலை நழுவவிட்டு, குச்சியின் மேல் ஒரே சீராகப் படியச் செய்வதுதான் தார் சுற்றுதல். கேட்பதற்கு எளிது. நூல் தளர்ந்தால் நாடாவுக்குள் சரிந்து சிக்கும். இறுகினால் அறும். மேடும் பள்ளமுமாய்ப் படிந்தால் துணியிலே குறை விழும். அந்தக் குறைக்காக முதலாளி கூலியைப் பிடிப்பார், நெய்தவன் வீட்டுக்கு வந்து மனைவியைப் பிடிப்பான்!

எவ்வளவு நூல் சுற்றுகிறாள்? கணக்கு வாத்தியார்களாகச் சிறிது நேரம் மாறுவோம். ஐந்தரை மீட்டர்ச் சேலை என்றால் ஏறத்தாழ 216 அங்குலம். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொள்வோம். 12,960 முறை நாடா ஓடவேண்டும். சேலையின் அகலம் 48 அங்குலம். பெருக்கிப் பாருங்கள்: ஒரு சேலைக்கு ஊடை நூல் மட்டும் 15 கிலோமீட்டருக்கு மேல்! அத்தனையும் அவளது இரண்டு விரல்களுக்கு இடையே நழுவிச் சென்றாகவேண்டும். ஒரு சேலைக்கு 15 கிலோமீட்டர் விரலால் நடக்கிறாள் அந்தச் ‘சும்மா இருக்கிறவள்’.

அவளே ஆடி மாதத்தில் காலாலும் நடக்கிறாள். சங்கரன்கோவிலின் ஆடித் தபசு நாடறிந்த விழா. சிவனும் திருமாலும் ஒன்றே என்று காட்ட வேண்டித் தவம் கிடந்தாளாம் கோமதி அம்மன். பெரியவர் சிவனா, திருமாலா என்று சங்கன், பதுமன் என்னும் இரு நாகங்கள் வழக்காடினவாம். அந்த வழக்கைத் தீர்க்க இரண்டும் கலந்த ஓர் உருவம் தோன்றிற்றாம். பாம்புகளுக்குக்கூட வழக்காட நேரம் இருந்திருக்கிறது! நிற்க. அந்த மாதத்தில் ‘ஆடிச்சுற்று’ என்று கோயிலைச் சுற்றி வருவது வழக்கம். 101 சுற்று, 108 சுற்று, 501 சுற்று என்று வேண்டுதல். கால்வலி தீரவும், பிள்ளைப்பேறு வாய்க்கவும், கடன் அடையவும் சுற்றுகிறார்கள் பெண்கள். விரலால் 15 கிலோமீட்டர் நடந்து தேய்ந்தவள், அந்தத் தேய்வு தீரக் காலாலும் நடக்கிறாள். இராட்டையைச் சுற்றியதற்கே கூலி வரவில்லை. கோவிலைச் சுற்றினால் எங்கிருந்து வரும் என்று அவளிடம் கேட்டால் நம்மை நாத்திகர் என்பார்கள். என்னட்டும். கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்தக் குச்சியின் அக்காள் ஒருத்தி மேலை நாட்டில் இருக்கிறாள். அவளுடைய கதை நமக்குத் தேவை. ஏனெனில் அக்கதையின் ஒரு நூல் நம் தென்பாண்டிச் சீமையிலே வந்து விழுந்திருக்கிறது.

லேஸ் என்று நாம் சொல்கிறோமே, அதை இயந்திரம் பின்னத் தொடங்குமுன் பெண்கள் கையால் பின்னினார்கள். தறி இல்லை. மடியிலே ஒரு திண்டு. திண்டின் மேல் துளையிட்ட தாளோ தோலோ. நம் பெண்கள் வாசலிலே புள்ளி வைத்துக் கம்பி இழுக்கிறார்களே, அதே முறை என்று கொள்ளுங்கள்: புள்ளிக்குப் பதில் ஊசி, மாவுக்குப் பதில் நூல். ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு சிறு கட்டை தொங்கும். அதற்குத்தான் பாபின் என்று பெயர். கட்டைகளைச் சோடி சோடியாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று மாற்றிப் போட்டு, முறுக்கி, ஊசியைக் குத்தி நிறுத்தி, மீண்டும் மாற்றிப் போட்டு... ஒரு விரல் அகலப் பின்னலுக்கே பல சோடிக் கட்டைகள் வேண்டும். அகன்ற வேலைக்கு நூறுகள் வேண்டும். கட்டையின் கனமே நூலை இழுத்துப் பிடிக்கும். ஆகவே இங்கிலாந்தின் நடுநாட்டிலே, கட்டையின் அடியில் கண்ணாடி மணிகளைக் கம்பியில் கோத்து வளையமாகத் தொங்கவிட்டார்கள். கனத்துக்குக் கனம், அழகுக்கு அழகு, திண்டின் மேல் உருளாமலும் நிற்கும். தென்மேற்கே ஹானிட்டன் பகுதியில் அதே கட்டை மணியின்றி, நுனி கூராக, வழவழவென்று இருக்கும். அங்கே பின்னலின் கண்ணுக்குள் கட்டையையே நுழைத்து எடுக்க வேண்டியிருந்ததால் அந்த வடிவம். வேலைக்கு ஏற்ற கருவி. கருவியிலே மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

மரத்தாலும் எலும்பாலும் கடைந்தார்கள். கடைசல் பட்டறைக்காரன் அதன்மேல் புள்ளி புள்ளியாகத் துளையிட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தான். காதலியின் பெயர், பிறந்த பிள்ளையின் பெயர், இறந்த தாயின் பெயர், ஊர்ப் போட்டியில் வென்றவனின் பெயர். இதைவிட விந்தை ஒன்று கேளுங்கள். 1868-இல் பெட்ஃபோர்டு நகரில் வொர்ஸ்லி என்பவனைப் பொதுமக்கள் முன்னே தூக்கிலிட்டார்கள். அந்தக் கொலைகாரனின் பெயரையும் ஆண்டையும் பொறித்த பாபின்கள் செய்யப்பட்டன. பெண்கள் வாங்கி நூல் சுற்றினார்கள்! இன்று அக்கட்டைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். எந்தப் பட்டறைக்காரன் கடைந்தது, எந்த ஆண்டு, மணி மாற்றப்பட்டதா, பழையதா என்று ஆராய்கிறார்கள், நூல் எழுதுகிறார்கள், பெட்டியில் பஞ்சு விரித்து அடுக்குகிறார்கள், விலை கூறுகிறார்கள்.

சேர்ப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. பழைய பொருளைக் காப்பவன் வரலாற்றைக் காக்கிறான். ஆனால் அழகிய அக்கட்டையைக் கையில் எடுக்கும்போது, அதைப் பிடித்த விரலின் வயது என்ன என்று கேட்டாக வேண்டும். ஐந்து, ஆறு வயதுச் சிறுமியரை ‘லேஸ் பள்ளி’ என்ற பெயரால் ஓர் அறையில் அடைத்தார்கள். எண்ணிக்கை தவறாதிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே ஊசி குத்த வேண்டும். எழுத்து சொல்லிக் கொடுத்தது குறைவு; குனிந்து கிடக்கச் சொல்லிக் கொடுத்தது மிகுதி. 1870-இல் கல்விச் சட்டம் வந்த பின்னரே அந்தப் ‘பள்ளிகள்’ ஓயத் தொடங்கின. அதற்கு முன்பே 1808, 1809-ஆம் ஆண்டுகளில் ஜான் ஹீத்கோட் வலை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். 1816-இல் லஃப்பரோ நகரில் லுட்டைட்டுகள் அவருடைய ஆலையில் புகுந்து 55 இயந்திரங்களை உடைத்தார்கள். உடைத்து என்ன பயன்? அவர் டிவர்டனுக்குப் போய் வேறு ஆலை கண்டார். கையால் பின்னியவளின் கூலி சரிந்தது. கைப்பின்னல் எங்கே கூலி மலிவோ அந்த நாடு தேடிப் புறப்பட்டது.

புறப்பட்டு வந்த இடங்களில் ஒன்று நம் நாகர்கோவில்.

1819-இல் அங்கே வந்தார்கள் இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் இணையர். நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில். தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல்தான். அங்கே மார்த்தா அம்மையார் பெண்களுக்கு ஓர் உறைவிடப் பள்ளி நடத்தினார். 1820-களின் தொடக்கத்திலேயே அப்பள்ளியில் திண்டும் பாபினும் வந்து சேர்ந்தன. யார் கையில்? பெரிய இடத்துப் பெண்கள் கையிலா? பனையேறும் குடும்பத்துப் பெண்கள், அடிமைகளாக விற்கவும் வாங்கவும் பட்ட குடும்பத்துப் பெண்கள், தெருவிலே நடந்தால் ஒதுங்கி நிற்க வேண்டியவர்கள். அவர்கள் தொட்டால் தீட்டு என்றது தருமம். அவர்கள் பின்னியதை வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்கள் வெள்ளைக்காரச் சீமாட்டிகள்.

தோழர்களே, இங்கே சற்று நில்லுங்கள். அது எந்தக் காலம்? அந்தப் பெண்கள் தோளின்மேல் ஒரு துணியைப் போடக் கூடாது என்று ஊர் ஆண்ட காலம். 1822-இல் தொடங்கிய கலகம் மீண்டும் மீண்டும் மூண்டது. 1829-இல் அரச ஆணையே வந்தது: மேலாடை கூடாது என்று! 1858-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1859-இன் தொடக்கத்திலும் சந்தைகளிலே பெண்களின் இரவிக்கைகள் கிழிக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன. 1859 சூலை 26-இல்தான் உத்திரம் திருநாள் மன்னரின் அறிக்கை வந்தது. அதிலும், உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. கணக்குப் பாருங்கள்: ஏறத்தாழ 40 ஆண்டுகள்! அந்த 40 ஆண்டுகளும் அதே ஊர்ப் பக்கத்திலே, அதே குலத்துப் பெண்கள், பனிபோன்ற லேஸைப் பின்னிக் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உலகுக்கு உடுத்தக் கொடுத்தவளுக்கு உடுத்த உரிமை இல்லை! மனுநீதியின் மாண்பு காணீர்! இதை எழுதி வைக்க வேண்டிய புராணிகர்கள் நாகங்களின் வழக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த லேஸ் என்ன செய்தது? மிஷன் வரலாற்று ஏடுகள் ஒரு செய்தியைச் சொல்கின்றன: அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்கினார்களாம். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். சட்டம் வருவதற்கு முன்பே, மரக்கட்டையிலே நூலைச் சுற்றி, அந்த நூலால் தன் விலங்கை அறுத்திருக்கிறாள் ஒரு தமிழச்சி! எந்தத் தெய்வம் இறங்கி வந்தது? கோயிலை எத்தனை முறை சுற்றினாள்? கூலி வந்தது, கையில் காசு சேர்ந்தது, ஆண்டையின் முன்னே எண்ணி வைத்தாள், வெளியே வந்தாள். பெண் விடுதலைக்குப் பொருளாதார விடுதலை வேண்டும் என்று நம் இயக்கம் மேடைதோறும் முழங்குவதற்கு நூறாண்டு முந்திய சான்று இது.

ஆனால் அவள் பெயர் என்ன? தெரியாது. தூக்கிலே தொங்கியவனின் பெயரை எலும்பிலே பொறித்துக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறது உலகம். தன் விலையைத் தானே கொடுத்து மீண்ட தமிழச்சியின் பெயரைப் பொறித்த ஒரு கட்டைகூட நாம் கண்டதில்லை.

நாகர்கோவிலோடு நின்றதா அந்த நூல்? மால்ட் இணையரின் மகள் எலிசா. தமிழ் மண்ணிலே தமிழ் பேசி வளர்ந்தவர். 1844-இல் அவர் மணந்தது யாரை? ராபர்ட் கால்டுவெல்லை! திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் தந்து, தமிழ் தனித்தியங்கும் மொழி என்று உலக அறிஞர் அவையிலே நிறுவிய அதே கால்டுவெல்லைத்தான். திருநெல்வேலிக்குத் தெற்கே, செம்மணல் தேரிக்காட்டின் ஓரத்தில், இடையன்குடியில் அவர் இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தபோது, அதே ஊரில் எலிசா அம்மையார் பெண்களைக் கூட்டி எழுத்தும் தையலும் லேஸும் கற்பித்தார். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை எழுந்தது. நாம் மகிழ்ந்தோம், மாலையிட்டோம். அவர் வாழ்ந்த இல்லம் பிற்காலத்தில் நினைவிடமாயிற்று, அதற்கும் மகிழ்ந்தோம். கணவரின் எழுதுகோலுக்குச் செலுத்திய மரியாதையில் பத்தில் ஒரு பங்கையேனும் மனைவியின் பாபினுக்குச் செலுத்தினோமா? நம் மேடைகளில் எலிசாவின் பெயரைச் சொன்னவர் எத்தனை பேர்? மொழிக்கு இலக்கணம் எழுதியவரைப் போற்றத் தெரிந்த நமக்கு, கூலிக்கு இலக்கணம் கற்பித்தவரைக் காணக் கண் இல்லாமற் போனது ஏன்? ஆண் செய்தால் தொண்டு, பெண் செய்தால் கைவேலை என்னும் பழைய கண்ணாடி, கறுப்புச் சட்டைக்காரன் மூக்கிலும் அமர்ந்திருக்கிறது என்று சொன்னால் சினம் கொள்ளாதீர்கள்.

பாதிரிகளைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறோம் என்று எவரேனும் எண்ணினால், அதற்கும் விடை உண்டு. கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட சாணார் பற்றிய நூல் அம்மக்களைப் புண்படுத்தியது, அவர்கள் பல்லாண்டு எதிர்த்தார்கள், எதிர்த்தது நியாயமே. லேஸ் விற்ற பணத்தில் ஒரு பங்கு சமயப் பணிக்குப் போயிற்று. பின்னியவளுக்குக் கிடைத்தது துண்டுக் கூலி. விலை குறித்தது வேறு கை. திண்டின் முன் அடக்கமாய்க் குனிந்திருக்கும் பெண்ணே நல்ல கிறித்தவப் பெண், நல்ல மனைவி என்ற பாடமும் கூடவே நடந்தது. விலங்கை அறுத்த அதே நூல், வீட்டு வாசற்படியோடு அவளைக் கட்டவும் பயன்பட்டது. 1897-இல் முளகுமூட்டுக்கு வந்தார் பெல்ஜிய நாட்டுத் துறவி மரி லூயிஸ் தெ மீஸ்டர்; லேஸுக்குப் பேர் போன ஈப்பர் நகரிலிருந்து வந்தவர். அங்கும் ஆதரவற்ற பெண்களின் கையில் பின்னல் வேலை ஏறிற்று. சோறு கிடைத்தது, மறுக்கவில்லை. சோறு போட்டவரைப் பாராட்டலாம். சோற்றுக்கும் உழைப்புக்கும் உள்ள விகிதத்தைக் கேட்காமல் இருக்கலாகாது.

ஆந்திரத்திலே நரசாப்பூர் என்று ஓர் ஊர். அங்கேயும் பாதிரிமார் வழியே லேஸ் வந்தது; ஆனால் பாபின் இல்லை, கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே. மரியா மீஸ் என்ற செர்மானிய ஆராய்ச்சியாளர் அந்தப் பெண்களைப் பற்றி எழுதிய நூல் 1982-இல் வெளிவந்தது. நம் இளைஞர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய நூல். அவர் கண்டது என்ன? ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் உலகச் சந்தைக்குப் பின்னுகிறார்கள். அயல்நாட்டுச் செலாவணி வருகிறது. ஆண்கள் வணிகராகி உயர்கிறார்கள். பின்னுகிறவளோ தொழிலாளி என்ற பட்டியலிலேயே இல்லை! அவள் ‘இல்லத்தரசி’; ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறாள். ஓய்வு நேரம் என்பதால் கூலி அற்பம். வீட்டுக்குள் இருப்பதால் சங்கம் இல்லை. வெளியே வயல்வேலைக்குப் போனால் கௌரவக் குறைவாம். ஆகவே, வயல்வேலைக்காரியைவிடக் குறைந்த கூலிக்குக் கௌரவமாகப் பட்டினி கிடப்பாள். கௌரவம் என்னும் சொல்லுக்கு இத்தனை மலிவான விளைபொருள் வேறு உண்டா? சந்தையின் இரகசியம் அங்கே இருக்கிறது: பெண்ணை ‘இல்லாள்’ என்று புகழ்ந்தால் போதும், பாதிக் கூலியை மிச்சம் பிடித்துவிடலாம்.

சங்கரன்கோவிலுக்குத் திரும்புவோம். கைத்தறியிலே சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலிக்குள்ளே தார் சுற்றியதும் அடக்கம், பாவுக்குத் துணை நின்றதும் அடக்கம், பாவு பிணைத்ததும் அடக்கம். கூலியை வாங்கிக் கையெழுத்துப் போடுவது ஒருவர். உழைப்பைத் தந்தது இருவர், சில வீடுகளில் மூவர். நடுவண் அரசு 2019-20-இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு நாடு முழுதும் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளரைக் கண்டது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். தார் சுற்றுவோர் போன்றவரைத் ‘துணைத் தொழிலாளர்’ என்று தனியே எண்ணியிருக்கிறார்கள். அந்த மட்டில் நன்று. ஏட்டிலே ஏறிய எண், கூலிச் சீட்டிலே ஏறவில்லையே!

விசைத்தறியின் நிலை வேறு. சங்கரன்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் விசைத்தறிகள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அங்கே தார் போடுவதும் இயந்திரமே. அதன் முன்னே நிற்பவள் பெண். தறி ஓட்டுபவரைவிட அவளுக்குக் கூலி குறைவு. கூலி உயர்வுக்காகத் தறிகள் நிற்பதும், அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடப்பதும், விழுக்காடு பேசி முடிப்பதும் அவ்வூருக்குப் பழகிய செய்தி. மேசையின் இருபுறமும் யார் உட்காருகிறார்கள்? ஒருபுறம் உற்பத்தியாளர், ஒருபுறம் சங்கத் தலைவர்கள், நடுவே அதிகாரி. தார் போடும் பெண் எங்கே? வேலைநிறுத்தத்தின்போது அடுப்பு எரியவில்லை என்பதை முதலில் அறிந்தவள் அவள். பேச்சு முடிந்ததைக் கடைசியில் அறிபவளும் அவள்!

சங்கத்துத் தோழர்கள் சினங்கொள்ள வேண்டாம். உங்கள் போராட்டம் எங்கள் போராட்டமே. ஆனால் ஒன்றைக் கேட்கத்தான் வேண்டும். 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. 1989-இல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. 60 ஆண்டு! சொத்து இருக்கும் வீட்டுப் பெண்ணுக்கே 60 ஆண்டு பிடித்தது. சொத்தே இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு உள்ள ஒரே சொத்து அவளது கூலி. அதற்கு எத்தனை ஆண்டு குறித்திருக்கிறீர்கள்? 2023 செப்டம்பர் 15-இல் மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, உதவி என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். சொல்லிலே பொருள் இருக்கிறது: வீட்டில் அவள் செய்வதும் உழைப்பே என்று அரசே ஒப்புக்கொண்டது. அரசு ஒப்புக்கொண்டதை முதலாளி ஒப்புக்கொள்ள வேண்டாமா? சங்கம் ஒப்புக்கொள்ள வேண்டாமா? அதே 2023-இல் விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு 1,000 யூனிட், கைத்தறிக்கு 300 யூனிட் என்று இலவச மின்சாரம் உயர்ந்தது. நல்ல செயல். தறிக்கு மின்மானி உண்டு. இவ்வளவு ஓடிற்று என்று காட்டும். அவள் கைக்கு மானி இல்லை.

‘இயந்திரம் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது, பழைய இராட்டைக்குத் திரும்புவோம்’ என்று சிலர் ஓதுவார்கள். அந்த ஓதலில் நமக்கு உடன்பாடில்லை. இராட்டை முன்னே முதுகு கூனிய பெண்ணை விடுவிக்க இயந்திரம் வருமானால் வரட்டும். இனிவரும் உலகத்தைக் கண்டு பெரியார் அஞ்சவில்லை, நாமும் அஞ்சோம். ஆனால் இயந்திரம் வரும் வழியிலே யார் தலை உருள்கிறது என்று பார்க்க வேண்டும். நாடாவே இல்லாத தறிகள் வந்துவிட்டன. கோனிலிருந்து நூலை நேரே இழுத்து, ஒரு தகட்டின் நுனியோ காற்றின் வேகமோ குறுக்கே கொண்டு செல்கிறது. நாடா இல்லையென்றால் தாரும் இல்லை. தார் இல்லையென்றால் தார்க்குச்சி இல்லை. தார்க்குச்சி இல்லையென்றால் அதைச் சுற்றியவள்? அவள்தான் முன்பே ஏட்டில் இல்லையே! இல்லாத ஒருத்தி வேலை இழந்தாள் என்று எந்த அதிகாரியிடம் மனுக் கொடுப்பது? தறி போனால் தறிக்காரனுக்கு மானியம் பேசலாம், கடன் பேசலாம். தார் சுற்றியவள் தொழிலாளி என்பதற்கு ஒரு சீட்டு, ஒரு பதிவு, ஒரு கையெழுத்து இருக்கிறதா?

அப்போது ஒரு கூட்டம் வரும், பாருங்கள். காரிலே வந்து இறங்கும். ‘பழைய தார்க்குச்சி இருக்கிறதா? மரத்தில் கடைந்ததாக வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம்’ என்று வீடுவீடாய்க் கேட்கும். கிலோ விலைக்கு வாங்கிச் சென்று, நகரத்து உணவு விடுதியின் சுவரிலே அழகுக்கு மாட்டும். இங்கிலாந்தில் நடந்ததுதான், இங்கு நடக்க நெடுநாள் ஆகாது. ஆகவே, சேர்க்கும் வேலையை நாமே செய்வோம் என்கிறோம். மரத்தார், மூங்கில் தார், கொம்பு முனை நாடா, பழைய இராட்டை. நாகர்கோவில், இடையன்குடி, முளகுமூடு வீடுகளில் பாட்டிமார் பெட்டியடியில் லேஸ் கட்டைகள் எஞ்சியிருந்தால் அவையும். பொருளைச் சேர்க்கும்போதே, பிடித்த கையின் பெயரையும் கேட்டு எழுதிச் சேருங்கள். எந்த வயதில் தொடங்கினாள், நாளைக்கு எத்தனை தார், என்ன கூலி, யார் கொடுத்தார், யார் கையில் கொடுத்தார் என்பதையும் எழுதுங்கள். பெயர் எழுதாத கட்டை வெறும் விறகு.

சங்கரன்கோவில், புளியங்குடி வட்டார இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிப்பகத்தில் நாளேடு புரட்டும் நேரத்தில் ஒரு மணியை ஒதுக்குங்கள். இருவர் இருவராகத் தெருவுக்குள் செல்லுங்கள். மாணவியர் உடன் வந்தால் இன்னும் நன்று, வீட்டுப் பெண்கள் கூசாமல் பேசுவார்கள். ஒரு குறிப்பேடு போதும். ‘அக்கா, என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். ‘சும்மாதான் இருக்கேன்’ என்பார். எழுதாதீர்கள். ‘நேற்று எத்தனை தார் சுற்றினீர்கள்?’ என்று அடுத்துக் கேளுங்கள். அந்த எண்ணை எழுதுங்கள். தெருவுக்கு ஒரு பட்டியல் ஆகட்டும். அடுத்த கூலிப் பேச்சு தொடங்கும் நாளில், அந்தப் பட்டியலைச் சங்கத்தின் கையில் ஒரு படி, அதிகாரியின் கையில் ஒரு படி கொடுங்கள். பட்டியலில் உள்ளவர்களில் இருவரையேனும் அந்த மேசையின் முன் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். ஆயுத பூசைக்கு முன்னே இதைத் தொடங்கினால் நலம். சந்தனம் அரைக்கும் நேரமாவது மிச்சமாகும்.